ஒரு வார்த்தைப் பூட்டு

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கட்டிடத்தில் கம்பி என்று பெயர். மற்றவர்கள் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் என்றால் அவர் இடுப்பில் கட்டுக்கம்பிச் சுருள் தொங்கும். குழாய் ஒழுகினால் கம்பி, நாற்காலிக் கால் ஆடினால் கம்பி, மூக்குக்கண்ணாடி உடைந்தால் அதற்கும் கம்பி. பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. பகலெல்லாம் அங்கே திருகியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் திருகுவார். "உன் வீட்டுக்காரர் சொல்றதெல்லாம் கம்பி கட்டுற கதை" என்று மேல்வீட்டு அக்கா கேலி செய்வாள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கம்பிகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான்தானே.

அவருடைய சாதனைகளிலேயே பெரியது பால்கனிக் கதவு. நான் அதைத் திறந்து போட்டுவிடுகிறேனாம், கொசு வருகிறதாம். ஒரு பாட்டிலில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, கப்பி வழியாகக் கதவோடு இணைத்தார். கையை எடுத்தால் போதும், மணல் கனத்தில் கதவு தானே மூடிக்கொள்ளும். மூடியதும் உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டை டக்கென்று விழுந்து மாட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் உள்ளே தொங்கும் வளையத்தை இழுக்க வேண்டும். நான் இரண்டு கையிலும் வாளியோடு வந்தால் முழங்காலால் இழுக்கலாமே என்று வளையத்தைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கரிசனத்துக்குக் குறைச்சல் இல்லை. பக்கத்து ஜன்னல் வழியாக எவனாவது கம்பியை விட்டு வளையத்தைத் தூக்கிவிடக் கூடாதென்று நடுவில் தகரத்தை வளைத்து அடித்திருந்தார். திருடன் புத்தி அவருக்குத் தெரியாதா என்ன?

வெளியிலிருந்து திறக்க ஒரு கயிறு இருந்தது. அது இற்றுப்போய் அறுந்துவிட்டது. "இரு, ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்" என்றார். ஞாயிறு வந்தது, போனது.

எங்கள் மகள் கட்டெறும்புக்கு இரண்டரை வயது. பார்த்த எதையும் இழுப்பாள், இழுத்ததை வாயில் வைப்பாள். வளையமோ அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. வேறு யாராக இருந்தாலும் கயிற்றைச் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். இவருக்கு வேறு யோசனை வந்தது. முன்பு ஒருமுறை சூடான டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை உதறி அழுதிருந்தாள். அதிலிருந்து 'சூடு' என்றால் போதும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். இவர் வளையத்தைக் காட்டி "சூடு" என்றார். கைகள் பின்னால் போயின.

அவ்வளவுதான். அலமாரி சூடு, ப்ரிட்ஜ் சூடு, அவருடைய கருவிப்பெட்டி சூடு. டிவிக்குக் கீழே அவர் செய்து வைத்திருந்த மின்சாரப் பலகை, ப்ளக் இல்லாத வயர்களை ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பாரே, அதுவும் சூடு. "ஆணி வேணாம், கம்பி வேணாம். ஒரே வார்த்தை. வீட்டையே பூட்டிட்டேன் பாரு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. சர்க்கரை டப்பாவும் என் போனும் என் கணக்கில் சூடாயின. வீட்டுக்கு யாராவது வந்தால் கட்டெறும்பு ப்ரிட்ஜ் பக்கம் போய் நின்றுகொண்டு "தூடு, தூடு" என்று எச்சரிப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

அன்று மத்தியானம் உருளைக்கிழங்கு வறுக்க அடுப்பில் எண்ணெயை வைத்தேன். எண்ணெய் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொடி நிறையத் துணி. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம், எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? வெளிக்கயிறு அறுந்த நாளிலிருந்து கதவிடுக்கில் என் செருப்பைச் சொருகிவிட்டுத்தான் பால்கனிக்குப் போவேன். அன்றும் சொருகினேன். போர்வையை இழுக்கும்போது பின்னால் டக்கென்று சத்தம் கேட்டது. திரும்பினால் கதவு மூடிக்கிடந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கட்டெறும்பு என் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு கூடத்தில் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது, பயம் பிறகுதான். "இந்த மனுஷன் வீட்டுக்கு வரட்டும்" என்று பல்லைக் கடித்தேன். பிறகு எண்ணெய் ஞாபகம் வந்தது.

ஜன்னலிலிருந்து சமையலறை மேடை நேராகத் தெரியும். வாணலியிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே சமையலறை ஜன்னலின் திரை. போன் சாப்பாட்டு மேசையில். கதவை உதைத்தேன், தோளால் மோதினேன். அவர் கட்டியது எதுவும் லேசில் அசையாது, அதுதான் அவருடைய பெருமை. நான்காவது மாடி, எதிரே ஏதோ கிடங்கின் வெறும் சுவர், நடுவில் மழை. "யாராவது வாங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மழை அதையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

கீழே வாட்ச்மேனின் தகரக் கொட்டகை தெரிந்தது. துணி கிளிப்புகளை அள்ளி அதன் மேல் வீசினேன். மழைத்துளியோடு மழைத்துளியாகப் போயின. வாளியைத் தூக்கிப் போட்டேன். கூரையே இடிந்ததுபோல் சத்தம் கேட்டு வெளியே வந்தவர் மேலே பார்த்துத் திட்ட வாயெடுத்தார். என் முகம் அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும், திட்டாமல் ஓடிவந்தார்.

சற்று நேரத்தில் வாசற்கதவு இடிபட்டது. அதற்கும் உள்பக்கம் என் வீட்டுக்காரர் போட்ட குறுக்குச் சட்டம் இருக்கிறது.

"அசைய மாட்டேங்குதும்மா! என்னத்தைக் கட்டி வச்சிருக்காரு உங்க வீட்டுக்காரரு?" என்று கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வாட்ச்மேன் கத்தியது கூடத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. "கடப்பாரை எடுத்துட்டு வரேன், பயப்படாதீங்க!"

பயப்படாதீங்களாம்.

இடிச்சத்தத்தில் மிரண்டு நின்ற கட்டெறும்பு, சத்தம் நின்றதும் தன் சக்கர முக்காலியைத் தேடிப் போனாள். அதுவும் அப்பா செய்ததுதான். பழைய முக்காலிக்குச் சக்கரம் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று அவள் எனக்குச் சமையலில் 'உதவி' செய்வாள். இப்போது அதைத் தள்ளிக்கொண்டு புகையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"சூடு! பாப்பா, சூடு! சூடு!"

நின்றாள். கைகள் பின்னால் போயின. என் வயிற்றில் பால் வார்த்தாள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றது. அதைச் சொல்லிக்கொடுத்த மனிதரைச் சபித்த அதே வாயால் வாழ்த்தினேன்.

துணி மாட்டும் கோலை எடுத்தேன். ஹேங்கரை நீட்டிக் கொக்கியாக வளைத்து, நைட்டிக் கயிற்றை உருவி அதைக் கோல் நுனியில் இறுக்கிக் கட்டினேன். எந்தக் கம்பி வேலையை நாள் முழுக்கக் கரித்துக்கொட்டுவேனோ அதையே இப்போது நானும் செய்துகொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கோலை விட்டு வளையத்தைத் தேடினேன். கொக்கி தகரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. இன்னும் சாய்த்தேன், இன்னும் நீட்டினேன், தோள்வரை உள்ளே நுழைத்தேன். தகரம், தகரம், தகரம். நல்ல திருடனுக்குக்கூட எட்டாது. ஹேங்கர் நெளிந்து கழன்று உள்ளே விழுந்தது.

வாணலியில் தீ பற்றியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. புகை இருந்த இடத்தில் திடீரென்று மஞ்சளாக நாக்கு எழுந்து நின்றது.

வளையத்தை எட்டக்கூடிய கை வீட்டுக்குள் ஒன்றுதான் இருந்தது.

"கட்டெறும்பு, இங்க வா. அம்மாகிட்ட வா."

வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த வளையம் இருக்குல்ல, அதைப் பிடிச்சு இழு. என் தங்கமில்ல."

"தூடு" என்றாள், எனக்கே பாடம் நடத்துகிற மாதிரி.

"சூடு இல்லடி. அது சூடு இல்ல."

அவள் முகம் மாறியது. குழம்பினாள். வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி அடுப்பைக் கைகாட்டினாள்.

"அது?"

"அது சூடு! அது நெஜமாவே சூடு! அந்தப் பக்கம் போகக் கூடாது!"

"இது?"

"இது இல்ல. இது சும்மா சொன்னது."

"அலமாய்?"

"அலமாரி சூடு இல்ல. பாப்பா, இழு."

"பிஜ்ஜு?"

"ப்ரிட்ஜும் இல்ல. இழுடி செல்லம், சீக்கிரம்."

"அப்பா பொட்டி?"

அவள் அவசரமே இல்லாமல் கேட்டாள். பிறந்ததிலிருந்து நம்பி வந்த ஒன்றை யாராவது மாற்றிச் சொன்னால் நானும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஆனால் அவளுக்குப் பின்னால் திரையின் ஓரம் சுருங்கிக் கறுத்துக்கொண்டிருந்தது. அடுத்து அவள் டிவி பக்கம் திரும்பி "அது?" என்று தொடங்கினாள். என் பொறுமை அதோடு போய்விட்டது.

"எதுவுமே சூடு இல்லடி! எதுவுமே இல்ல! இழு!"

தகரத்துக்குப் பின்னால் அவள் மறைந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்த்திருப்பாள், பின் அந்த விரலையே பார்த்திருப்பாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். இரும்புப் பட்டை மேலே எழும்பியது. கதவோடு சேர்ந்து நான் உள்ளே போய் விழுந்தேன்.

காஸை மூடினேன். பெரிய தட்டை எடுத்து வாணலியை மூடினேன். தோளில் கிடந்த நனைந்த போர்வையால் திரையை அடித்து அடித்துக் கீழே தள்ளி மிதித்தேன். புருவம் கருகிய வாசனை வந்தது, வலி தெரியவில்லை. சுவர் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. தீ இல்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பிழைத்தோம் என்று சத்தமாகவே சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன்.

அலமாரி திறந்து கிடந்தது. ப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. கருவிப்பெட்டி கவிழ்ந்து ஆணியெல்லாம் தரையில் இறைந்து கிடந்தது. கட்டெறும்பு டிவிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து மின்சாரப் பலகையிலிருந்து ஒரு தீக்குச்சியைப் பிடுங்கி எடுத்திருந்தாள். வயர் தளர்ந்து தொங்கியது. மறு கையின் சுட்டுவிரல் அந்த ஓட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"சூடு!" என்று அலறினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தூடு இல்ல" என்றாள். விரல் நிற்கவில்லை.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. ஆணி காலில் ஏறியதுகூடப் பிறகுதான் தெரிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம். அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஆங்காரத்தில் அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கடப்பாரையோடு வந்த வாட்ச்மேன் சட்டத்தைப் பெயர்த்துக் கதவைத் திறந்து, தரையில் கிடந்த எங்களையும் கரிச்சுவரையும் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். என் போனை எடுத்து, தொழிற்சாலைக்கு அவரே பேசினார். நான் கட்டெறும்பின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் உருவிக்கொள்ளப் பார்த்தாள். வலது கையைப் பிடித்தால் இடது கை நீண்டது. அவளுக்கு வீடு முழுக்கப் புதுசாகத் திறந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். வாட்ச்மேன் சொன்ன கதையையும் கேட்டார். பிறகு பழக்கதோஷம், கை இடுப்புச் சுருளுக்குப் போனது.

"இரு. அந்தப் பலகைய இப்பவே கழட்டிடறேன். மேல மாட்டிடறேன். வெளிக்கயிறு இன்னைக்கே..."

"அதெல்லாம் அப்புறம் பண்ணுங்க. நாளைக்குப் பால் கொதிக்கும். அயர்ன் பாக்ஸ் எடுப்பேன். அப்ப இவகிட்ட என்ன சொல்றது? அதுக்கு ஏதாவது பண்ணிக் குடுங்க முதல்ல."

அவர் அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவள் ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பழுதைக் கண்டாலும் 'இரு' என்று சொல்லிக் கையில் கம்பியை எடுக்கிற மனிதர் ஒரு வார்த்தை கிடைக்காமல் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அவரைத் திட்டத் தெம்பில்லை. காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, கழுவ வேண்டும். கட்டெறும்பின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அவர் கையில் வைத்தேன்.

"பிடிச்சுக்கங்க" என்றேன். "விட்டுடாதீங்க."