தானாக விலகியவர்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அதை ஒரு முறைப்பாடாகத்தான் சொன்னார். கொழும்பில் ஒரு கல்யாண வீடு. பக்கத்துக் கதிரையில் சிவக்கொழுந்து. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகுதிநேர நேர்ஸாக இருந்தவர். பாயசத்தை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னார்: "எங்களோடை வேலை செய்த உந்தப் பூரணத்தாலைதான் எங்கடை காசு மாதக்கணக்காப் பிந்தினது. வந்த காசை வாங்கத் தெரியாதவள்."

என் பாயசத்தைத் தள்ளி வைத்தேன். கோபத்தோடு எழுதினால் கதை கோணலாகப் போகும் என்பார்கள். போகட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அரியாலையிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் பூரணத்துக்கு இரவென்றாலும் ஷெல்லென்றாலும் பயமே—"

(அடித்துவிட்டேன். பூரணத்துக்குப் பயம் இருந்தது. பயந்துகொண்டேதான் வந்தாள். அவளை வீராங்கனை ஆக்கினால் சம்பளம் கேட்பது சின்ன விசயமாகிவிடும். ஆஸ்பத்திரிச் சொந்தக்காரர் டொக்டர் கனகரத்தினமும் அதைத்தான் செய்தார். "நீங்களெல்லாம் தெய்வங்கள்" என்பார். தெய்வத்துக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?)

நேராகவே சொல்கிறேன். எண்பத்தெட்டாம் ஆண்டிலிருந்து நிரந்தர நேர்ஸ்மாருக்கு இரவு வேலைக்குத் தனிக் கொடுப்பனவு கிடைத்தது. அதே வார்ட்டில், அதே லாம்பு வெளிச்சத்தில் விழித்திருந்த பகுதிநேரக்காரருக்கு இல்லை. பகுதிநேரக்காரரில் அதை முதலில் கேட்டவள் சோனகத் தெரு ஜலீலா. டொக்டரின் அறைக்குள்ளேயே போய், "இரவு எங்களுக்கு மட்டும் நீளம் குறைவோ, டொக்டர்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூறு ஐப்பசியில் ஜலீலா யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி—

இல்லை. துவக்கும் கையுமாக வந்த இயக்கக்காரர்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போகிற வழியில் ஜலீலாவின் காதுத் தோட்டையும் கழற்றி வாங்கினார்கள். அவள் போய்ச் சேர்ந்தது புத்தளத்து அகதி முகாமில்.

3

அடுத்த வருடம் நிரந்தர நேர்ஸ்மாரில் பாதிப்பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பூரணம் மற்றப் பகுதிநேரக்காரரைச் சேர்த்துக்கொண்டு, "இனி இரவுக்கு வரமாட்டம்" என்றாள். டொக்டர் இறங்கி வந்தார். எண்பத்தெட்டிலிருந்து நிலுவை முழுவதும் தர ஒப்புக்கொண்டார்.

மனேச்சர் சிமியோன் ஒரு தாள் கொண்டுவந்தார். கையெழுத்து வைத்தால் காசு. ஜலீலாவின் பெயருக்கு நேரே மட்டும், "தானாக விலகியவர். நிலுவை இல்லை" என்று இருந்தது.

"ஆர் தானா விலகினது?" என்று அவருடைய அலுவலக அறைக்கே போய்க் கேட்டாள் பூரணம்.

"அது சும்மா கந்தோர்ச் சொல்லு, பூரணம். வேறை என்னத்தை எழுதுறது?"

"துரத்தப்பட்டவர் எண்டு எழுதுங்கோ."

சிமியோன் எழும்பி யன்னலைச் சாத்தினார். "மெல்லக் கதையுங்கோ. உதை எழுதினால் நாளைக்கு என்னைத் தேடி ஆர் வருவினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"அப்ப ஒண்டும் எழுதவேண்டாம். காசை மட்டும் போடுங்கோ. அவ முழிச்சிருந்த இரவுக்குத்தானே கேக்கிறம்."

(சிமியோனைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருடைய பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்திலும் காசு மிச்சம் பிடித்தாரே ஒரு டொக்டர், அவரை என்ன செய்ய?)

4

பூரணம் டொக்டரிடம் போனாள்.

"இல்லாத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிறது?" என்றார் அவர்.

"அவ செய்த வேலை இஞ்சைதானே நடந்தது, டொக்டர்?"

"நீங்கள் கையெழுத்து வைக்காட்டி ஒருத்தருக்கும் இல்லை. போய் அவையளிட்டைச் சொல்லுங்கோ."

விறாந்தையில் சிவக்கொழுந்து மறித்தார். "உனக்கென்ன விசரோ? சவுக்காரம் விக்கிற விலை தெரியுமே? என்ரை பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் குடுக்க? புத்தளத்திலை இருக்கிறவளுக்காக எங்கடை காசை ஏனடி மறிக்கிறாய்?"

"நான் மறிக்கேல்லை. அவர்தான் மறிக்கிறார்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ஷெல் விழுந்து திறந்துகிடந்த தன் வீட்டுக் கூரையை அந்தக் காசில் மூடலாம் என்று அவளும் நினைத்திருந்தாள். இருந்தும் கையெழுத்து வைக்கவில்லை.

5

ஒரு முடிவு: டொக்டர் மனம் மாறுகிறார். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

இன்னொன்று: எல்லா நேர்ஸ்மாரும் பூரணத்தின் பக்கம் வந்து நிற்கிறார்கள். (சிவக்கொழுந்து வாசித்தால் என்னை அடிக்க வருவார்.)

நடந்தது இதுதான். மாதக்கணக்கில் இழுத்தபிறகு டொக்டர் புதிதாக ஒரு தாள் அடிப்பித்தார். இந்த முறை அதில் தானாக விலகியவர்கள் இரண்டு பேர்: ஜலீலா, பூரணம். மற்றவர்கள் கையெழுத்து வைத்துக் காசை வாங்கினார்கள். அந்த நேரத்தில் பூரணம் வார்ட்டில் ஒரு கிழவருக்குச் சேலைன் போத்தல் மாற்றிக்கொண்டு நின்றாள்.

தாளைக் கண்டதும் கந்தோருக்குள் ஓடினாள். "நான் இஞ்சைதானே நிக்கிறன்!"

சிமியோன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளையிலையிருந்து இல்லை, மிஸி."

6

சிவக்கொழுந்து பாயசக் கோப்பையைக் கீழே வைத்தபோது கேட்டேன்: "ஜலீலாவுக்கு உதெல்லாம் தெரியுமோ?"

"ஆர் போய்ச் சொல்லுறது?" என்றார்.

என்னிடம் முடிவு இல்லை. இருந்தாலும் தரமாட்டேன், அது எனக்கு ஆறுதலாகிவிடும். நீங்களே எழுதுங்கள். புத்தளத்து முகாமுக்கு யாரையாவது அனுப்புங்கள். ஆனால் இரக்கப்பட்டு அரிசியும் சீலையும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஜலீலா உதவி கேட்டவள் இல்லை, கூலி கேட்டவள்.

கொடுப்பதென்றால் எண்பத்தெட்டிலிருந்து கொடுங்கள்.