மூன்றாவது பெயர்

தராவாத் தீவில் இருக்கும் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஐம்பது வயதாகிறது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே குமாஸ்தாவாக இருந்தவன், இன்னும் உயிரோடு இருப்பவன், இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சனிக்கிழமை பொதுக்கூடத்தில் ஊர்கூடி உட்கார்ந்திருக்க, நானே அதை வாசிக்க வேண்டும். முன்வரிசையில் இடம், தலையில் பூவளையம். எழுபத்திரண்டு வயதில் எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது, மறைப்பானேன்.

நன்றாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். திருச்சபை கொடுத்த நிலத்தில் இரண்டு கீற்றுக் கொட்டகைகள், முதல் வருடம் பதினோரு பேர். சாக்பீஸ் வந்த கப்பல் பவளத்திட்டில் மாட்டிக்கொண்டதால் மூன்று மாதம் பவளக்கல்லால் பலகையில் எழுதிப் படித்தது. பெருவெள்ளத்தின்போது கடல் அலுவலகத்துக்குள் வந்து காகிதங்களை மிதக்கவிட்டது. எல்லாம் பக்கம் பக்கமாக வந்தது. 1981ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒரே வரி எழுதினேன்: அந்த ஆண்டு இருபது பேர் சேர்ந்தார்கள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுகளில் ஒருவர் "புபுசி" என்று சொல்லி ஒன்றைக் கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் வெட்கக்கேடு நமக்குத்தான். புது ரேடியோ வாங்கினவன் அதைப் பாய்க்கடியில் ஒளித்துவைத்துக் கேட்பது இதனால்தான். 1981இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் அண்ணன் பக்கோவா பெரிய பாரை மீன் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், காற்றைப் பற்றிப் பேசினார், கை கழுவினார்.

"மச்சான், ஒரு புபுசி" என்றார். "நம்ம மேரே பேரு அந்த லிஸ்ட்ல இருக்கணும்."

மேரே அவர் மகள். நாற்பத்தாறு பேர் எழுதிய நுழைவுத் தேர்வில் அவளுக்கு இருபத்துநான்காவது இடம். மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்துகிறவன் நான். முதல்வராக இருந்த வெள்ளைக்கார அம்மா நான் நீட்டியதில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

இருந்தது இருபதே இடம்; ஒருவரைத் தூக்கினால்தான் மேரேவுக்கு இடம். நியாயமாக இருபதாவது பெயரை அடித்திருக்க வேண்டும். அதில்கூட நியாயம் இல்லை, ஆனாலும் ஒரு வரிசையாவது இருந்திருக்கும். நான் அதையும் செய்யவில்லை. இருபதாவது பையன் உள்ளூர். அவனை அடித்தால் அவன் அப்பா தினமும் வாசலில் வந்து நிற்பார். மூன்றாவதாக இருந்த பெண் ஒனோடோவாத் தீவைச் சேர்ந்தவள். மூன்று மாதத்துக்கு ஒரு கப்பல், கேட்க ஆள் வராது. ரக்கேரா என்ற அந்தப் பெயரை அடித்தேன்.

பட்டியலைக் கல்லூரி முற்றத்து ஈரப்பலா மரத்தில் ஒட்டினேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே படித்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த கப்பலிலேயே அவள் திரும்பிப் போனாள். மேரே நன்றாகப் படித்தாள், நல்ல ஆசிரியை ஆனாள், இன்று கல்லூரி முதல்வர். அவளுக்கு எதுவும் தெரியாது. வரலாறு எழுத என்னைப் பிடித்துப்போட்டவளும் அவள்தான்.

விழா வாரத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எழுத்தர் பெண் சாப்பிடப் போயிருந்தாள். விழாவுக்காக ஒனோடோவாப் பெண்கள் முடைந்த பாய்களை இறக்கிவிட்டு, அவர்களில் ஒருத்தி உள்ளே வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"பெரியவரே, என் சின்னவ இங்க சேர ஃபாரம் போட்டிருக்கா. என்கிட்ட சொல்லாம போதகர் கையில குடுத்து அனுப்பிட்டா. அத திருப்பிக் குடுத்துடுங்க."

விண்ணப்பக் கட்டுக்குள் தேடி எடுத்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் ரக்கேரா என்று இருந்தது. ஃபாரத்தை அவளிடம் நீட்டாமல் மேஜைமேல் வைத்தேன். "உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பொய்யும் என் கணக்கில்தான்.

ஏன் திருப்பிக் கேட்கிறாள் என்று விசாரித்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். அவளைத் தேர்வுக்கு அனுப்ப ஊரே மூன்று நாள் பன்றி அடித்து ஆடியதாம். திரும்பி வந்தபோது கரையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் அதற்குப் பிறகு கணக்கைத் தப்பாகப் போடும் பிள்ளையைப் பார்த்து, "நீயும் ரக்கேரா மாதிரி தராவா போயிட்டு வா" என்று சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டதாம். அவளுடைய மூத்த பெண்கள் இருவரும் நன்றாகப் படித்தார்கள். ஆசிரியரே வீட்டுக்கு வந்து கெஞ்சியும் அவள் அனுப்பவில்லை.

"எங்க ரத்தத்துல படிப்பு இல்ல பெரியவரே. நான் பட்டது போதும். சின்னவதான் கேக்கமாட்டேங்கறா." மேஜைமேல் இருந்த ஃபாரத்தைப் பார்த்தாள். "ஒரு புபுசி. என் மார்க் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க. ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். அந்த நம்பரச் சொன்னா அவ அடங்கிடுவா."

வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. கடல் உள்ளே வந்த அன்று மற்ற ஆண்டுகளின் கோப்புகளையெல்லாம் அலமாரி உச்சியில் தூக்கிவைத்தவன், 1981ஐ மட்டும் கீழ்த்தட்டிலேயே விட்டுவிட்டேன். ஆனால் தன் மகளைத் தடுப்பதற்காக அவள் அந்த எண்ணைக் கேட்கிறாள். கோப்பு போனாலும் அந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

"எழுபத்தொம்பது" என்றேன். "மொத்தத்துல நீ மூணாவது."

கிழவன் மனசு குளிரப் பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. அவள் பெயரை அடித்தது நான்தான் என்றும், ஏன் அவள் பெயரை அடித்தேன் என்றும் சொன்னேன். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. வெளியே மாணவர்கள் விழாவுக்குப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"என் மூத்தவளுக்கு முப்பது வயசு" என்றாள். "கொப்பரை மூட்ட தைக்கிறா."

செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

"இன்னொரு புபுசி" என்றாள். "நான் சொன்னா என் பொண்ணுங்க நம்பமாட்டாங்க. இத்தன வருஷமா வேற மாதிரி சொல்லி வளத்துட்டேன். நீங்க வந்து எங்க பொதுக்கூடத்துல, ஊர் முன்னாடி சொல்லுங்க. கப்பல் வியாழக்கிழம."

முழங்கால் வலி என்றேன். சனிக்கிழமை வாசிப்பு இருக்கிறது, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றேன். என் வாழ்நாளில் ஒரு புபுசிக்கு நான் இல்லை என்றது அதுதான் முதல் தடவை. என்னுடையதல்லாத ஓர் இடத்தை, இன்னொருத்தியின் இடத்தை, பாரை மீன் வாசனை கையிலிருந்து போவதற்குள் தாராளமாகக் கொடுத்தேன். வழக்கத்தை மீற முடியவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது கேட்கப்பட்டவை என் நாக்கும் என் காலும். அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் பரீட்சைக்குக் கிளம்பினப்போ எங்க அப்பாகிட்ட எல்லாரும் சொன்னாங்க. அந்தக் குமாஸ்தாகிட்ட ஒரு புபுசி கேட்டுடு, இல்லன்னு சொல்லமாட்டாருன்னு. அப்பா கேக்கல. காலேஜ் எடம் அந்த மனுசனோட சொத்து இல்ல, அவர்கிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு இருந்துட்டாரு."

வாசல்வரை போய்விட்டாள்.

"வியாழக்கிழம எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். "காலைல ஏழு மணிக்கு" என்றாள். பிறகு, "அந்த ஃபாரம் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதிய காகிதங்களை அள்ளிக்கொண்டு முதல்வர் அறைக்கு நடந்தேன். முழங்கால் நிஜமாகவே வலித்தது. மேரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வரலாறு முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஒரு பேரு விட்டுப்போச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.