பறவை அண்டாத காபி

மயிலாப்பூரில் பட்சிகள் மேல் பிரியம் இல்லாத மனுஷரே கிடையாது. பட்சி கொஞ்சம் தூரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மொட்டைமாடி வடாமில் வாய் வைத்தால் அது சனியன் பிடித்த காக்கா. எங்கேயோ மலை உச்சியில் உட்கார்ந்திருந்தால்தான் அது பட்சி. இந்த வித்தியாசம் புரியாமல்தான் நல்லசிவம் எழுபத்து நாலாம் வருஷம் வகையாக மாட்டிக்கொண்டார்.

நல்லசிவத்துக்குக் கோயில் குளத்தங்கரைப் பக்கம் காபித்தூள் கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து வறுத்து அரைத்துக் காலம் தள்ளுகிறவர். அந்தத் தை மாசம் கொட்டை வாங்கப் போடி மலைக்கு ஏறினார். அங்கே வெள்ளைத்துரை என்கிற விவசாயியின் தோட்டம். தலைக்கு மேலே கிழட்டு அத்தி மரங்கள், அதன் நிழலில் காபிச் செடி. ஒரு மரப் பொந்துக்குள் இருவாச்சிப் பறவையின் பெட்டை வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் பழம் பழமாகக் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டிக்கொண்டிருந்தது. தினம் பையும் கையுமாக வீட்டுக்குப் போகிற நல்லசிவத்துக்கு அந்தச் சேவலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. குடும்பஸ்தன் கஷ்டம் குடும்பஸ்தனுக்குத்தானே தெரியும்.

"மர யாவாரி நடையா நடக்குறான் அண்ணாச்சி," என்றான் வெள்ளைத்துரை. "நெழல்ல காய்ப்புக் கம்மி. வெட்டிப்புட்டா வெயில்ல நல்லாக் காய்க்கும். எனக்குத்தான் மனசு வரல. வெளைஞ்சது மொத்தத்தையும் நீங்க எடுத்துக்கிட்டா மரம் நிக்கும். இல்லன்னா சித்திரையில கோடாலிதான்."

"எடுத்துக்கிடுதேன்," என்றார் நல்லசிவம். சொன்ன வாக்கு அவ்வளவுதான். ஆனால் அத்தனை மூட்டையை விற்கவேண்டுமே.

அப்போதுதான் அவருக்கு மயிலை பட்சி ரட்சண சபை ஞாபகம் வந்தது. தலைவர் ரங்கபாஷ்யம், ரிட்டையர் ஆன டெபுடி செக்ரடரி. சபை மாதாமாதம் கூடும், தீர்மானம் போடும், கேசரி சாப்பிடும், கலையும். போன மாதத் தீர்மானம், மலையில் பயிர் செய்கிறவர்களை எல்லாம் கீழே இறக்கிவிட வேண்டும் என்பது. இறக்கி எங்கே விடுவது என்று தீர்மானத்தில் இல்லை. கேசரி வந்துவிட்டதோ என்னமோ.

"பட்சி கூடு வைக்கிற மரமே விவசாயி தோட்டத்துலதான் சார் நிக்கி," என்று நல்லசிவம் அவர் வீட்டுக்கே போய்ப் பொறுமையாகச் சொன்னார். "அவன் காபி வித்தா பட்சியும் இருக்கும்."

ரங்கபாஷ்யம் அதைப் பிடித்துக்கொண்டார். தான் கண்டுபிடித்ததாகவே பிடித்துக்கொண்டார். "அடுத்த கூட்டத்துல நானே பேசறேன். நீ எல்லாருக்கும் அந்தக் காபியைப் போட்டுக் குடுத்துடு."

கூட்டத்துக்கு நல்ல ஜனம். நல்லசிவம் தன் கையாலேயே டிகாக்‌ஷன் இறக்கினார். டபரா டம்ளரோடு எல்லாரும் முதல் வாய் உறிஞ்சி, "பேஷ்" என்று கண்ணை மூடின நேரம் பார்த்து ரங்கபாஷ்யம் எழுந்தார்.

"இருவாச்சியானது பழத்தை உண்டு, கொட்டையை எச்சத்தோடு வெளியேற்றுகிறது. அந்தக் கொட்டையினால்தான் அந்த மலையே ஜீவித்திருக்கிறது. அந்தக் கொட்டையின் மகிமையைத்தான் இப்போது நீங்கள் டம்ளரில் பருகிக்கொண்டிருக்கிறீர்கள்."

அவர் சொல்ல வந்தது அத்திக்கொட்டை. அது விழுந்த இடத்தில் மரம் முளைக்கும், மரத்து நிழலில் காபி வளரும் என்று அழகாக முடிப்பதாக இருந்தார். ஆனால் கையில் காபியை வைத்துக்கொண்டு கொட்டை என்று கேட்டால் மயிலாப்பூருக்கு எந்தக் கொட்டை ஞாபகம் வரும்? முன் வரிசையில் அவர் சம்சாரம் பங்கஜம் மாமி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன்னா, இதைப் பட்சி முழுங்கிக் கழிஞ்சதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த ஹாலில் டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. வாய் கொப்பளிக்கக் குழாயடியில் வரிசை நின்றது. அன்றைக்குக் கேசரியைக்கூட யாரும் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கடையில் ஈ ஓட்டினார் நல்லசிவம். "அது வேற கொட்டை மாமி, இது வேற கொட்டை," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கெஞ்சினார். விளக்க விளக்க வாடை ஏறிற்றே தவிர இறங்கவில்லை. குளத்தங்கரை ரிக்‌ஷாக்காரர்கள் வேறு, "இன்னா நைனா, குருவிக்கு இன்னிக்கு வயிறு சரியில்லியா? கடை காலியாக் கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பங்குனி பிறந்துவிட்டது. மூட்டைகள் அப்படியே கிடந்தன. அவர் கண்ணை மூடினால் அந்தச் சேவல் பழத்தோடு வந்து, மரம் இல்லாத இடத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

ஒரு காலையில் அவருக்குக் கோபம் வந்தது. அப்படி இப்படிக் கோபம் இல்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, கடை வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை எழுதச் சொன்னார்.

'பறவை அண்டாத தோட்டத்துக் காபி. சுத்தம். ஆசாரம்.'

அதே மூட்டை. அதே கொட்டை. சாயங்காலத்துக்குள் கூட்டம் தெருவை அடைத்தது. நங்கநல்லூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். பட்சி ரட்சண சபை அவசரமாகக் கூடி, பறவைகளின் இருப்பிடத்தை அழித்துப் பணம் பண்ணும் பாதகன் என்று நல்லசிவத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தக் கண்டனக் கூட்டத்தில் கொடுத்த காபியும் அவர் கடைத் தூள்தான். சுத்தமானது என்று பங்கஜம் மாமியே வாங்கிக் கொடுத்திருந்தாள்.

சித்திரையில் மிச்ச மூட்டைகளோடு வெள்ளைத்துரை லாரியில் வந்து இறங்கினான். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி இப்பிடி எழுதிப்புட்டீங்க? என் தோட்டத்தையா?"

"மரம் நிக்கா?"

"நிக்குது. குஞ்சு வெளிய வந்திருச்சு. நேத்துத்தான் பறந்துச்சு."

"அப்போ பலகையும் நிக்கட்டும்," என்றார் நல்லசிவம். பலகைப் பக்கம் திரும்பாமல் மூட்டையை இறக்கப் போனார். பாதகன் என்று பேர் வாங்குவது யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்த நேரம் பார்த்தா ரங்கபாஷ்யம் வரவேண்டும்? தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "சபை விஷயம் வேற, ஆத்து விஷயம் வேற. அரை கிலோ பச்சைக் கொட்டை போடு, ஆத்துலேயே வறுத்துக்கறோம்," என்றார் மெதுவாக.

நல்லசிவம் புது மூட்டையை அவிழ்த்துத் தராசுத் தட்டில் கவிழ்த்தார். கொட்டையோடு கொட்டையாக ஒரு இறகும் வந்து விழுந்தது. முழங்கை நீளம், கறுப்பு, நுனியில் பளீரென்று வெள்ளை. வெள்ளைத்துரை அதை எடுக்கக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டான். மலையில் நிற்கிற அத்தனை மரமும் அந்தத் தராசுத் தட்டில் கிடந்தது.

ரங்கபாஷ்யம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "என்னது இது?"

"காக்கா இறகு சார். நம்ம தெருக் காக்காதான்."

"நுனி வெள்ளையா இருக்கே?"

"வயசான காக்கா சார். நரைச்சிருச்சு."

பட்சி ரட்சண சபையின் தலைவர் அந்த இறகை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கும், இருக்கும். இந்தப் பேட்டையில எல்லாத்துக்கும் வயசாயிடுத்து," என்று சொல்லி அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையை அலம்பத் தண்ணீர் கேட்டார்.