சுண்டுவிரலுக்கு எட்டியது

மங்களேஸ்வரி இடது சுண்டுவிரலால் டேப் விசையை மறுபடியும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புத் திரையில் மினுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கட்டம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது, அவ்வளவுதான். மற்ற கம்ப்யூட்டர்களில் பெயரின் முதல் நாலு எழுத்தை அடித்து இந்த விசையைத் தட்டினால் மிச்ச எழுத்து தானாக வந்து விழுமாம். இந்தக் கிழட்டு மெஷினில் மட்டும் வராது. "பழையபடி நீங்களே வாசிங்க," என்று என் பக்கம் திரும்பினாள். கடைக்குக் கிளம்ப வேண்டிய ஆள் நான். குற்றாலத்தில் துண்டு, ஜட்டி, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட் விற்கிற மாடக்கண்ணு. எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் என் பெண்டாட்டியின் வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டுக்குள் கிடந்தது.

அருவியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர்களை சீசனுக்குச் சீசன் பார்க்கிறேன். இவள் விழுந்தது எங்கள் தென்காசி வீட்டு முற்றத்தில். சாரலில் பாசி பிடித்துக் கிடந்த தரையைக் கழுவு என்று அவள் சொன்னதும், நாளைக்குக் கழுவுகிறேன் என்று நான் சொன்னதும் தனிக் கதை, அதை விடுங்கள். மதுரையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். தெற்கத்தி ஊர்களில் இருக்கிற சின்னச் சின்ன ஸ்கேன் சென்டர்களின் படங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் அங்கே ஒரு பழைய மெஷினில் வந்து சேரும். இங்கே லேப்டாப் வழியாக அதற்குள் நுழைந்து அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. புதிதாக வந்திருக்கிற மானேஜர், உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்ட இரண்டு பேரை, நன்றாக ஓய்வெடுங்கள் என்று மொத்தமாகவே அனுப்பிவிட்டார். அதனால் கை ஒடிந்ததை இவள் மூச்சு விடவில்லை. கடை ஓடுவது சீசனுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவள் விரலால்.

அந்த மெஷினில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. எதைச் செய்வதானாலும் எழுத்தெழுத்தாக அடித்து என்டரைத் தட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஷெல்லாம். அழி என்றால் அழித்துவிடும், நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. போனது போனதுதான். கோப்புகளின் பெயர்களோ ரயில் பெட்டி நீளம். ஊர்ப் பெயர், அடிக்கோடு, வருஷம், இன்னும் என்னென்னவோ. இடது கையால் தடவித் தடவி அவள் அடிப்பாள், என்டருக்கு முன்னால் நான் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். ஒருநாள் எட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது. நான் சொன்னதும் அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அந்த ஒன்பதிலும் ஒரு கோப்பு இருந்ததாம், ஒரு வருஷத்துப் படம் அத்தனையும். வீட்டுக்குள் வந்த பாம்பை வாரியலால் தள்ளி வெளியே விட்டவள் அவள். அன்றைக்கு அவள் தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் அடித்தது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அவள் பயந்தால் எனக்குக் கேட்கவே வேண்டாம். கடையில் மிச்சச் சில்லறையைக்கூட ரெண்டு தரம் எண்ணிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாலைந்து நாள் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு ஒரு காலையில், கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். டேப்பைத் தட்டினால் மிச்சப் பெயரை நிரப்புகிற அந்த வசதி இந்த மெஷினிலும் இருக்கிறதாம், யாரும் எழுப்பிவிடாததால் தூங்குகிறதாம். உள்ளே நுழைந்தவுடன் மெஷின் வாசிக்கிற கோப்பு ஒன்று இருக்கிறது, அதில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஆனால் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் நுழைகிற அதே பெயரில், அதே கடவுச்சொல்லில்தான் சொரிமுத்து அண்ணாச்சியும் நுழைவார். இவள் மாற்றினால் அவருக்கும் மாறும். சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது முறை.

சொரிமுத்து அண்ணாச்சி மதுரை ஆபீஸில் இருக்கிறார். அம்பாசமுத்திரத்துக்காரர், இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். தங்கமான மனிதர், வாய்தான் நிற்காது. இப்போது எதற்கு இந்த வரி என்று கேட்பார், கை ஒடிந்ததைச் சொல்ல வேண்டி வரும், பாவம் பிள்ளை ஒற்றைக் கையோடு வேலை பார்க்கிறது என்று பாசத்திலேயே மானேஜரிடம் போய்ச் சொல்லிவிடுவார். அவரையே மானேஜருக்கு ஆகாது. கம்ப்யூட்டர் படிக்காத பழைய ஆள், எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அதனால் மங்களம் யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை எழுதினாள். வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், சிவகிரி என்ற பெயரில் மூன்று எழுத்து மட்டும் இங்கிலீஷில் அடித்து, சுண்டுவிரலால் டேப்பைத் தட்டினாள். முழுப்பெயரும் வந்து நின்றது. கை ஒடிந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். இனிமேல் நீங்கள் நிம்மதியாகக் கடைக்குப் போகலாம் என்றாள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அடுத்து வந்த சனிக்கிழமை மாதத்தின் முதல் தேதி. அவளுக்கு வார லீவு. மெயினருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று செய்தி வந்து, காலையிலேயே வேனும் பஸ்ஸுமாகக் குற்றாலம் நிறைந்துவிட்டது. வீட்டில் ஒற்றைக் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு எதற்கு இருக்கிறாய் என்று அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். மாவுக்கட்டை ஒரு பாலிதீன் பையில் நுழைத்துக் கட்டிவிட்டு, கடைக்குள் ஸ்டூலில் உட்கார்த்தி வைத்தேன். வருகிறவர் போகிறவரை எல்லாம் வாய்க்குள்ளேயே கேலி செய்துகொண்டிருந்தாள். நல்ல வியாபாரம். மத்தியானம் தலையெல்லாம் எண்ணெய் வழிய ஒருத்தர் ஓடிவந்து, சீயக்காய்ப் பாக்கெட் ரெண்டு என்றார். சீயக்காய் காலையிலேயே தீர்ந்துவிட்டது. நான் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற ஆள் இல்லை. கடை என்று ஒன்று வைத்துவிட்டால் இல்லை என்கிற வார்த்தை வாயில் வரக் கூடாது என்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். பக்கத்திலிருந்த அரப்புப் பாக்கெட் இரண்டை எடுத்து நீட்டினேன். மனிதர் அது என்னவென்று பார்க்கக்கூட இல்லை, வாங்கிக்கொண்டு அருவியைப் பார்த்து ஓடினார்.

நான் பெருமையாகத் திரும்பினேன். மங்களத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கேட்டது இல்லேன்னதும் இருக்கதை எடுத்துக் குடுத்துட்டீங்க," என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அண்ணாச்சி இன்னைக்கு ஒட்டுவாங்க," என்றாள். போனை எடுத்து இடது கையால் தட்டினாள். போகவில்லை. மறுபடி தட்டினாள். சீசனில் அருவிக்கரையில் போன் கிடைத்ததாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அத்தனை ஜனம் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும். என் போனிலும் போகவில்லை. லேப்டாப் தென்காசி வீட்டில் கிடக்கிறது. கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சாக்கைக்கூட இழுத்து மூடாமல் பைக்கை எடுத்தேன்.

வேனுக்கும் காருக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து போகும்போது, சாரல் முகத்தில் அடிக்க, என் காதுக்குள் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மாதம் பிறந்தால் அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குப்பை அள்ளுவார். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஊர்ப் பெயரிலேயே ஒரு கழிவுக் கோப்பு வந்து சேரும், சில மாதம் வரும், சில மாதம் வராது. அதையெல்லாம் அழிக்கிற கட்டளைகளை எக்செல்லில் ஊருக்கு ஒரு வரியாக எழுதி, பக்கத்துக் கட்டத்தில் மெஷின் கண்டுகொள்ளாதபடி ஒரு குறி போட்டு, இது இன்ன ஊர்க் கழிவு என்று குறிப்பும் வைத்திருக்கிறார். இரண்டு கட்டத்தையும் சேர்த்தே காப்பி எடுத்து, அப்படியே கறுப்புத் திரையில் ஒட்டுவார். வராத ஊருக்கு எதற்கு வரி என்று இவள் ஒருமுறை கேட்டதற்கு, கெடக்கட்டும் தாயி, இல்லாததை இல்லேன்னு அதுவே சொல்லிட்டுப் போவுது என்றாராம். இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிற்று. எக்செல்லில் இரண்டு கட்டத்தை எடுத்து ஒட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழுவது ஒரு டேப். போன மாதம் வரை அந்த டேப் வெறும் இடைவெளி. இப்போது அது இவள் சுண்டுவிரல்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது வண்டி ஆடிவிட்டது. சிவகிரி என்கிற கழிவுக் கோப்பு இந்த மாதம் வராமல் இருந்தால், அண்ணாச்சி ஒட்டிய பெயருக்குப் பின்னால் அந்த டேப் வரும். மெஷின் சிவகிரி என்று ஆரம்பிக்கிற வேறு பெயரைத் தேடும். இருப்பது ஒன்றே ஒன்று, சிவகிரிக்காரர்களின் வருஷவாரிக் கோப்புகள் அத்தனையும் உள்ளே அடங்கிய பெரிய ஃபோல்டர். அந்தப் பெயரை எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடும். அடுத்த நொடி அழித்துவிடும். திருவேங்கடத்துக்கும் அப்படித்தான், எந்த ஊர் வரவில்லையோ அந்த ஊருக்கெல்லாம் அப்படித்தான்.

"வேற எங்கனயாவது காப்பி இருக்கும்லா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் எடுக்கணும்னு எழுதி வச்சிருக்கு. எடுத்ததை நான் பாத்ததில்ல," என்றாள்.

முன்னால் ஒரு பஸ் அசையாமல் நின்றது. நான் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு டிரைவர் தலையை நீட்டி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், காதில் விழுந்தது, கை ஹாரனிலேயே இருந்தது. எனக்கு அந்த மெஷினைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. அண்ணாச்சி கையால் ஒட்டியது, பழி அண்ணாச்சி தலையில்தான் விழும். மானேஜர் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். அந்த ஒரு வரியை யார் எழுதியது என்று மெஷின் சொல்லாது, இரண்டு பேருக்கும் ஒரே பெயர். இவள் வாயைத் திறக்காவிட்டால் அவர் போவார். திறந்தால் இவள் போவாள். சீச்சீ, இப்படி ஒரு கணக்கு என் மண்டையில் ஓடுகிறதே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஓடியது. அவளுக்குள்ளும் ஓடியிருக்கும்.

மேலகரம் தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது, நிப்பாட்டுங்க என்றாள். ஒரு பூட்டிய கடை முன்னால் ஓரங்கட்டினேன். அவள் இறங்கவில்லை. போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டை என் தோளில் வைத்துக்கொண்டாள். அண்ணாச்சிக்குப் போட்டாள், மணி அடித்தது. வண்டியை அணைத்தேன். மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்ன மங்களம், லீவு நாளும் அதுவுமா," என்றார் அண்ணாச்சி. குரலில் சாப்பிட்ட திருப்தி இருந்தது. "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாமே. டிவில காட்டுதான்."

"அண்ணாச்சி, இன்னைக்குக் குப்பை அள்ளிட்டீங்களா?"

அவள் குரல் அவளுடையது மாதிரி இல்லை. எதிரில் ஒரு வேன் போய் எங்கள் இரண்டு பேர் மேலும் சேற்றை அடித்தது.

"அதையா கேக்க? இப்பத்தான் முடிச்சேன் தாயி," என்றார் அவர். சிரித்தார். "இன்னைக்கு ஒரு அதிசயம் பாத்துக்க. எப்பவும் இந்த ஊரு இல்ல, அந்த ஊரு இல்லேன்னு வரிசையா வரும்லா? இன்னைக்கு ஒண்ணுக்குக்கூட இல்லேன்னு சொல்லல. எல்லாத்தையும் சரி சரின்னு வாங்கிக்கிட்டுது."

பாலிதீன் பையின் வாய் எப்போதோ அவிழ்ந்திருக்கிறது, மழை உள்ளே இறங்கி மாவு கரைந்து, வெள்ளையாக என் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

"ஹலோ," என்றார் அண்ணாச்சி. "மங்களம்? இருக்கியா தாயி?"

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனது எனக்குத் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.