கடைசல் பழகிய பனையேறி

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு டில்லியில் முடிசூட்டிய வருஷம், திசையன்விளைப் பக்கம் ஒரு பனையிலிருந்து விழுந்தான் வேதமுத்து. உயிர் தப்பியதே பெரிய காரியம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி சாலோமி அவனை மாட்டுவண்டியில் ஏற்றி, அம்பாசமுத்திரத்தில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் வயலில் நாற்று நடப் போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

மரக்கால் செய்து மாட்டினால் நடக்கலாம் என்று யாரோ சொல்ல, சாலோமி அவனைப் பாத்துவின் கடைசல் பட்டறைக்கு அழைத்துப் போனாள். பாத்து அவனைவிட இளையவள். அவள் புருஷன் மீரான் மரத்தைக் கடைந்து பம்பரமும் தொட்டில் காலும் பிள்ளைகள் விளையாடும் செப்புச் சாமானும் செய்தவன். அவன் உளி பிடிப்பான், இவள் கட்டையைச் சுழற்றும் தோல்வாரை இழுப்பாள். கை ஓய்ந்தால் இடம் மாறிக்கொள்வார்கள். அப்படித்தான் அவளும் உளி பழகினாள். காலராவில் மீரான் போனபின் பட்டறை சும்மா கிடந்தது.

"கால் கடைஞ்சிரலாம் அண்ணே. ஆனா உளி பிடிக்கவே ரெண்டு கையும் வேணும். வார் இழுக்க ஆளில்லையே" என்றாள் பாத்து.

"என் கைக்கு ஒண்ணும் ஆகல தாயி. நான் இழுக்கேன்" என்றான் வேதமுத்து.

இரண்டு முளைகளுக்கு நடுவே இரும்பு முனைகளில் பூவரசங்கட்டையை மாட்டி, அதன்மேல் தோல்வாரைச் சுற்றி, இரு நுனிகளையும் அவன் கையில் கொடுத்தாள். இந்தக் கையை இழுத்தால் கட்டை முன்னால் உருளும். அந்தக் கையை இழுத்தால் பின்னால் உருளும். பாத்துவின் உளி பட்ட இடமெல்லாம் சுருள் சுருளாகச் செதில் பறந்தது. கட்டைக்குள்ளிருந்து ஒரு கால் பைய வெளியே வந்தது. தன் காலைத் தானே இழுத்து எடுப்பதுபோல் இருந்தது வேதமுத்துவுக்கு. முகமெல்லாம் வேர்வை. விழுந்த நாளுக்குப் பிறகு உழைத்து வேர்த்தது அன்றுதான்.

"நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டான்.

சாலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மரக்காலை மாட்டிக்கொண்டு வந்து அவன்தான் வார் இழுத்தான். பட்டறை மறுபடி ஓடியது. இழுத்துக்கொண்டே பாத்துவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் வெட்கத்தை விட்டு உளியைக் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. "இங்கன வந்து உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்து, வாரைத் தான் வாங்கிக்கொண்டாள்.

அவன் உளியை வைத்ததும் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, தண்ணீர்ப் பானையில் போய் மோதியது. பானை உடைந்தது. பாத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அமுக்காதீங்க அண்ணே. கட்டை உங்க பக்கமா வரும்போது உளி தொடணும், திரும்பிப் போகும்போது விலகணும்."

சொல்லுவது எளிது. பனையைக் கட்டிப் பிடித்து ஏறிய கை அவனுடையது. பிடி தளர்ந்தால் சாவு என்றே பழகிய கை. உளி கிடைத்தால் அதுவும் இறுக்கத்தான் செய்தது. சில கட்டை பிளந்தது, சில கோணிப்போனது. அவன் கெடுத்த கட்டையெல்லாம் சாலோமியின் அடுப்பில் எரிந்தது. "இந்த வாரம் விறகுக்குப் பஞ்சமில்ல" என்பாள். பாத்து ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த கட்டையை எடுத்து மாட்டுவாள்.

நடவு முடிந்து வேலையில்லாத ஒருநாள் சாலோமி வார் இழுக்க வந்தாள். புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உளியை அழுத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, பாளை சீவும்போது இப்படியா அமுக்குவீங்க?"

வேதமுத்துவின் கை நின்றது. பனையுச்சியில் பதனீருக்காகப் பாளையைச் சீவுவது எப்படி? அரிவாளின் கூர்மை தன் வேலையைச் செய்யும். கை சும்மா கூடப் போகும், அவ்வளவுதான். கூடுதலாக ஒரு நூல் சீவினாலும் பாளை பாழ். அந்தக் கையும் தன்னிடம்தானே இருக்கிறது!

"இழுளா" என்றான்.

கட்டை உருண்டு வந்தது. உளி தொட்டது, விலகியது, தொட்டது. மெல்லிய சுருள் ஒன்று அறுபடாமல் நீண்டு அவன் மடியில் விழுந்தது. பாத்து மூச்சுவிடாமல் பார்த்திருந்தாள். சாயங்காலத்துக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பானை பிறந்துவிட்டது. சுழலும் பானைமேல் பாத்து சிவப்பு அரக்கை அழுத்திப் பிடித்து, தாழை ஓலையால் தேய்த்து மினுக்கினாள்.

அவன் அதை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "இது உனக்குத்தான் தங்கச்சி."

"எனக்கெதுக்கு? உங்க கோயில்ல முதல் பலனைக் கொண்டு குடுப்பீங்களாமே, சாலோமி மைனி சொன்னாவ. அங்க குடுங்க அண்ணே."

வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. நெற்கதிரும் வாழைத்தாரும் பூசணியும் குவிந்த இடத்தில் அந்தச் சிவப்புப் பானையையும் வைத்தார்கள். காணிக்கைகளை ஏலம் விடுமுன், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் பாதிரி ஐயர். வேதமுத்து எழுந்தான். சபை நடுவே அவன் வாய் திறந்ததே கிடையாது.

"ஆண்டவரே, செத்தவனாட்டம் கிடந்தேன். சாலோமி என்னைத் தூக்கிக்கிட்டு வந்தா. அவளுக்காக ஸ்தோத்திரம். பாத்துன்னு ஒரு தங்கச்சி என்னைத் தன் பக்கத்துல உக்காத்தி வச்சுத் தொழில் சொல்லித் தந்தா. நான் கெடுத்த மரத்துக்கு ஒரு சொல்லு சொல்லல. அவளுக்காகவும் ஸ்தோத்திரம்."

பாத்து என்ற முஸ்லிம் பேரைக் கேட்டதும் இரண்டொரு தலைகள் திரும்பின. ஐயர் அவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உரக்க, "ஆமென்" என்றார். சபையும் ஆமென் சொன்னது. பானையை அப்பாத்துரை வாத்தியார் தன் மகளுக்காக ஏலம் எடுத்தார்.

மறுநாள் பட்டறையில் நடந்ததைச் சொன்னான். பாத்து உளி தீட்டுவதை நிறுத்தினாள்.

"என் பேரையா? அத்தனை பேருக்கு மத்தியிலயா?"

"ஆமா."

அவள் குனிந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரவுக மவுத்தாகிப் போன பிறகு என் பேரைச் சொன்னவங்க எல்லாம் ஐயோ பாவம்னுதான் சொன்னாங்க. நீங்கதான் சந்தோசமா சொல்லியிருக்கீங்க. நானும் உங்களுக்கும் மைனிக்கும் துவா கேக்குதேன் அண்ணே, தினமும்."

வேதமுத்து கிடந்த உளியை எடுத்து வேட்டியில் துடைத்தான்.

"ஆழ்வார்குறிச்சியில தொட்டில் கால் கேட்டிருக்காவ" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டையைத் தேடினாள் பாத்து. "உக்காருங்க. நாலும் ஒண்ணுபோல இருக்கணும்."