பார்த்தவர் பெயர்: நபீஸா

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஸுல்பிகாவின் முதல் வேலை, குருவிகளுக்கு வைத்த மண்சட்டி ஆறிலும் பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. அது முடிந்தால் நொச்சிக்கும் பாவட்டைக்கும் நாவல் கன்றுகளுக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும். கடல் அடித்து வீடிழந்து, பார்க்க ஆளும் இல்லாமல் போன வயோதிபர்களுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த பன்னிரண்டு வீடுகள். நடுவில் ஸுல்பிகா சம்பளத்துக்குப் பார்க்கும் இந்தத் தோட்டம். நாட்டு மரம் மட்டும் நட வேண்டும், குருவி வர வேண்டும், கிழடுகள் அதைப் பார்த்து மனம் ஆற வேண்டும். திட்டம் அப்படி. அங்கே குடியிருக்கும் ஜவுபர் காக்கா ஆசையாக நட்ட மிளகாய்க் கன்றுகளை நிறுவனம் பிடுங்கச் சொன்னபோது ஸுல்பிகாவுக்கு வயிறெரிந்தது. பிடுங்கினாள். வேலை வேலைதானே.

எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல், நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய அந்தத் தாள்தான். திகதி, பார்த்த பறவை, பார்த்தவர் பெயர். பார்த்தவர் அங்கே குடியிருக்கும் ஆளாக இருக்க வேண்டுமாம். ஸுல்பிகாவுக்கோ காகம் தவிர மற்றதெல்லாம் குருவி. நாலாம் வீட்டு நபீஸாதான் அவளைக் காப்பாற்றினாள். நபீஸாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சுவரைத் தடவித்தான் நடப்பாள். ஆனால் சவளக்கடைப் பக்கம் வயல் வாடிக் குடிலில் புருசனோடு இருபது வருசம் குருவிக் காவல் இருந்தவள்.

"எழுது மகள். கிணத்தடியில ரெண்டு புலினி சண்ட பிடிக்குதுகள். நாவல்ல கொண்டக்குருவி."

"மாமி, கண்ணத் தொறந்துக்கிட்டு நிக்கிற எனக்கே ஒண்டும் தெரியல்ல!"

"ஒண்ட காதுல என்ன பஞ்சா? நெல்லுல எறங்கிற குருவிய ஆருகா பார்த்துக்கிட்டு நிண்ட? சத்தம் கேட்டா தகரத்தில ஒரு தட்டு, அவ்வளவுதான்."

மூன்று மாதம் தாள் நிரம்பியது. வரிக்கு வரி 'பார்த்தவர் பெயர்: நபீஸா'. கொழும்பிலிருந்து பாராட்டு வந்தபோது, ஸுல்பிகா அதைப் பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்லித் திரிந்தாள்.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருசம், வெள்ளை எடுக்கும் ஒப்பரேசனுக்குக் கண் டொக்டர்மார் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் செய்தி வந்தது. லென்சும் வேனும் நிறுவனம் தரும். ஸுல்பிகா முதல் ஆளாக நபீஸாவின் பெயரைக் கொடுத்தாள். இனியும் பிந்தினால் பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். "வாற நோன்புக்குள்ள எழுத்தப் பார்த்து ஒருக்கா குர்ஆன் ஓதி முடிச்சிரணும், மகள். அதுக்குப் பொறகு அல்லா எடுத்தாலும் பரவால்ல" என்று நபீஸா நாளுக்கு நாலு தடவை சொன்னாள்.

வேன் வந்த அன்று உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு விடியலிலேயே வாசலில் இருந்தாள். நிறுவனத்தின் கேசினி மிஸ் பட்டியலை வாசித்தாள். மூன்று பேர் ஏறினார்கள். பட்டியல் முடிந்தது.

ஸுல்பிகா ஓடிப்போய் அவளை ஒரு பக்கமாக மறித்தாள். "மிஸ், நாலாம் வீட்டு மாமிட பேர்?"

கேசினி குரலைத் தாழ்த்தினாள். "மேல வெட்டிட்டாங்க அக்கா. ஒரு நாளைக்குப் பதினேழு குருவி பார்க்கிற ஆளுக்கு ஒப்பரேசன் எதுக்கு எண்டு கேக்காங்க."

"யா அல்லா! பார்த்ததில்ல மிஸ், கேட்டது! கேட்டத எழுத அந்தத் தாள்ல இடமெங்க இரிக்கி?"

"எனக்குத் தெரியும். நானும் சொன்னன். அப்ப மூணு மாசத் தாளும் பொய்யா, அப்பிடியெண்டா தோட்டத்த மூடுவம் எண்டாங்க."

"மூடட்டும்! என்ட வேல போனாலும் போகட்டும். மாமிய ஏத்துங்க."

"அவட லென்ச வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க அக்கா. அடுத்த தரம் எப்ப எண்டு எனக்கே தெரியா."

எழுதிய கையை வெட்டி எறியலாம் போலிருந்தது ஸுல்பிகாவுக்கு. நபீஸாவின் பக்கத்தில் குந்தி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நபீஸா பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். "நீ என்ன செய்வாய் மகள், நான் சொன்னத்ததானே எழுதின நீ" என்றாள்.

கேசினி ஒரு பெட்டியோடு வந்தாள். அதிகம் பறவை பார்த்தவருக்குக் கொழும்பு அனுப்பிய பரிசு, தூரக்கண்ணாடி. படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமலே அதை நபீஸாவின் கழுத்தில் மாட்டினாள். அந்த நேரம் வேன் பெரிதாக ஹோன் அடித்துப் புறப்பட்டது.

"உம்மா, அதக் கண்ணுல வச்சு நாவல் மரத்தப் பாருங்க" என்றாள் கேசினி.

நபீஸா கண்ணாடியைத் தூக்கினாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"வேன் சத்தத்துக்குக் குருவியெல்லாம் பறந்திட்டு" என்றாள். "மரம் எந்தப் பக்கம், மகள்?"

ஸுல்பிகா அவள் நாடியைப் பிடித்து மரத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.