தரிசு என்று எழுதிய கை

அன்று மழை தூறியதா, பிறகு இந்தக் கதையைச் சொல்லும்போது நானாகச் சேர்த்துக்கொண்டதா, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கீரைக்காரம்மா சேற்றுக் காலோடு அலுவலகத்துக்குள் வந்து, சர்வேயரின் மேசையில் ஒரு கீரைக்கட்டை வைத்தது மட்டும் உண்மை.

"எங்க நாற்பது ஏக்கரையும் தரிசுன்னு எழுதிட்டீங்களாமே சார்?"

நகரத்து எல்லையில் பயிர் நிலமென்றால் கட்டடம் கூடாது. தரிசென்றால் கட்டலாம்.

சர்வேயர் பதிவேட்டைப் புரட்டினார். "நான் வந்தப்போ வெறும் மண்ணுதாம்மா இருந்துச்சு."

"அப்போ அறுத்து, உழுது மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு. முடி வெட்டிட்டு வர்றவனை வழுக்கைன்னா எழுதுவீங்க?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சர்வேயருக்குச் சிரிப்பு வரவில்லை. அளக்கப் போன நாளில் வெயிலுக்குப் பயந்து அவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மதியமே வயலுக்குப் போனார். வரப்பில் குந்தி மண்ணைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நகம் அளவு முளைகள். அவற்றுக்கு அப்பால் அடுக்குமாடிகள் வரிசை கட்டி நின்றன. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அலுவலகம் திரும்பி, பதிவைத் திருத்த வேண்டும் என்றதும், மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "திருத்தணும்னா, இறங்கிப் பார்க்காம எழுதினேன்னு நீயே ஒத்துக்கணும்யா. உன் பதவி உயர்வு ஃபைல் என் மேசையில இருக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்காதே."

இரவு, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கீரைக்கட்டைச் சர்வேயரின் மனைவி சமையலுக்குப் பிரித்தாள். நடந்ததைச் சொன்னார்.

"இருபது வருஷமா அந்த நாற்காலிக்குக் காத்திருக்கீங்க."

சொல்லிவிட்டு அவள் கீரை ஆய்ந்தாள். கடைசித் தண்டை எடுத்தபோது, "வேர்ல இன்னும் ஈரம் காயலைங்க" என்றாள்.

அந்த நாற்பது ஏக்கர் பற்றிய விசாரணைக் கூட்டத்தில் முன்வரிசை முழுக்கக் கட்டட நிறுவனத்து ஆட்கள். சர்வேயர் எழுந்தார்.

"அது தரிசு இல்லை. நான் வண்டியில உட்கார்ந்துக்கிட்டே எழுதினேன். தப்பு என்னோடது. இப்ப இறங்கி அளந்து கொண்டுவந்திருக்கேன்."

"இப்ப மட்டும் கண்ணு தெரிஞ்சுதாக்கும்!" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"ஆமா, தெரிஞ்சுது. எழுதிக்குங்க."

பின்வரிசையில் கீரைக்காரம்மா கைதட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்பது ஏக்கரும் வரைபடத்தில் பயிர் நிலத்துக்குரிய பச்சையாகவே நின்றது. அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலானார். கீரைக்காரம்மா இன்றும் விதைக்கிறாள். சர்வேயருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. சர்வேயராகவே ஓய்வு பெற்றார். கடைசி நாள்வரை எந்த வயலையும் இறங்கி நடந்து பார்க்காமல் எழுதவில்லை.